எல்லைக் கல்லில் இருந்த செருப்பு

இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் எங்கள் பள்ளியில் முதலில் பூந்தொட்டிகளுக்குக் காவி அடிப்போம். அப்புறம் ஜன்னல் கண்ணாடிகளைத் துடைப்போம். கடைசியாக, வாசிக்கத் திணறும் பிள்ளைகளை ஒளித்து வைப்போம்.

சிரிக்காதீர்கள். இப்போது வேலைக்கு வந்திருக்கும் இளைய டீச்சர்களுக்கு இது கதை போல இருக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் கோடைக்கானலில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் தையல் டீச்சராக இருந்தேன். அங்கே இதற்கு ஒரு மரியாதையான பெயர் இருந்தது: நேச்சர் ஸ்டடி. ஆபீசர் வருகிற நாளில் திணறும் பிள்ளைகளை எல்லாம் திரட்டி, ஒரு டீச்சரோடு பைன் காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதிவேட்டில் அவர்களுக்கு வருகை உண்டு. பெஞ்சில்தான் இருக்க மாட்டார்கள். ஆபீசர் ஜீப் மலை இறங்கிய பிறகு, கையில் நாலு பைன் காய்களோடு திரும்பி வருவார்கள்.

அந்தக் கூட்டத்தை அழைத்துப் போகும் வேலை ஒரு வருடம் எனக்கு வந்தது. அன்றைக்கு நான் பட்ட பயத்தைச் சொல்வதற்கு முன்னால், பேச்சியைச் சொல்ல வேண்டும்.

1. கிழிந்த பக்கம்

பேச்சி இரண்டாம் பாரத்துப் பெண், இப்போதைய ஏழாம் வகுப்பு. பதின்மூன்று வயது இருக்கும். மலைச் சரிவில் கீழே, ஒற்றையடிப் பாதையில் மட்டுமே போகக்கூடிய வெள்ளகவியிலிருந்து வந்து எங்கள் விடுதியில் தங்கிப் படித்தாள். அவளைச் சேர்க்க வந்த அன்று அவள் அப்பா சடையாண்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு பள்ளி முற்றத்தில் நின்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"படிச்சா படிக்கட்டுங்க. எழுத்து ஏறலைன்னு உங்கள்ல ஒருத்தர் வாயில இருந்து ஒரு சொல் வந்துச்சுன்னா, அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன். ஏலக்காய்க் காட்டுல சோலி கெடக்கு. சொந்தத்துல மாப்பிள்ளையும் கெடக்கான்."

எங்களிடம் சொல்வது போலத்தான் சொன்னார். அந்தச் சொல் போய் இறங்கியது, பின்னால் நின்ற பெண்ணின் நெஞ்சில்.

ஒருநாள் தமிழ் டீச்சர் லீவு. அந்தப் பீரியடுக்கு என்னை அனுப்பினார்கள். நான் முறையாகப் பள்ளிக்கூடம் போய்ப் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். மிச்சமெல்லாம் பொட்டலம் கட்டி வந்த தாளிலும், பிறர் படித்துவிட்டுக் கொடுத்த புத்தகத்திலும் நானே படித்துக்கொண்டது. பெரிய வகுப்பில் நிற்கக் கொஞ்சம் உதறல்தான். "யாராவது வாசிங்கம்மா" என்றேன். பேச்சி எழுந்து கணீரென்று வாசித்தாள். நல்ல பெண் என்று நினைத்து, பக்கத்தில் போய் நின்று அவள் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். யாரோ படித்துவிட்டுக் கொடுத்த பழைய புத்தகம். அந்தப் பாடத்தின் நடுவில் ஒரு தாள் கிழிந்து போயிருந்தது.

பேச்சி நிறுத்தவில்லை. இல்லாத தாளில் இருப்பதை எல்லாம் அப்படியே வாசித்துக்கொண்டு போனாள்.

என் முதுகில் பச்சைத் தண்ணீர் ஊற்றியது போல இருந்தது. காதால் கேட்டே பாடம் முழுவதையும் மனசில் ஏற்றியிருக்கிறாள். எந்த இடத்தில் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுகூட மனப்பாடம். எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கும் வகுப்பில் இது யாருக்கும் தெரியாது. ஊரில் ஒற்றை ஆசிரியர் பள்ளியில் இப்படியே ஒவ்வொரு வகுப்பாக ஏறி வந்திருக்கிறாள்.

நான் பார்த்துவிட்டேன் என்பதை அவளும் பார்த்துவிட்டாள். மணி அடித்ததும் தையல் அறைக்கு ஓடி வந்தாள்.

"டீச்சர், அப்பாகிட்ட சொல்லிராதீங்க."

"நான் ஏன்டி சொல்லப் போறேன்?"

"பெரிய டீச்சர்கிட்டயும்." தலைமை ஆசிரியையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

அதற்கு அப்புறம் கவனித்துப் பார்த்தால், அவளைப் போல வகுப்புக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்திக்கு வாசிக்கச் சொன்னால் தலைவலி வரும். ஒருத்திக்குத் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும். ஒருத்தி வேண்டுமென்றே குறும்பு செய்து வகுப்புக்கு வெளியே போய் நின்றுகொள்வாள். திட்டு வாங்குவது அவர்களுக்குப் பெரிதில்லை. எழுத்துத் தெரியாது என்பது வெளியே வருவதுதான் பயம்.

2. தையல் சாக்பீஸ்

முதலில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி வந்து கொடுத்துப் பார்த்தேன். அணில், ஆடு படத்தைப் பார்த்ததும் பேச்சி அதைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். "யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க டீச்சர்." அவள் சொன்னது நியாயம். தாவணி போடப் போகிற பெண்ணுக்கு அணில் பாடமா?

தையல் வகுப்பில் ஒரு வசதி உண்டு. ஊசி கையில் இருந்தால் வாய் சும்மா இருக்காது. விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டே பிள்ளைகள் ஊர்க்கதை பேசுவார்கள். எனக்கும் ஆட்கள் பேசுவதைக் கேட்பதென்றால் சோறு தண்ணி வேண்டாம். ஒருநாள் ஒருத்தி, "எங்க அம்மா கோபம் வந்தா அடுப்போட பேசுவாங்க" என்றாள். அழகான பேச்சாக இருக்கிறதே என்று, துணியில் அளவு குறிக்கும் தட்டைச் சாக்பீஸால் அதை மேஜையில் கிடந்த நீலப் பாவாடைத் துணியில் எழுதினேன். "இந்தா, நீ சொன்னது. படி" என்றேன். தான் சொன்ன பேச்சு என்பதால் பயமில்லாமல் விரல் வைத்துப் படித்தாள். தட்டினால் அழிந்துவிடும், யாரும் பார்க்க முடியாது.

அதுதான் எங்கள் பாடம் ஆயிற்று. அவரவர் சொன்னதை அவரவர் படிப்பது. அப்புறம் வார்த்தைகளை மாற்றிப் போடுவேன். ஒருத்தி சொன்னதை இன்னொருத்திக்குக் கொடுப்பேன். அங்கேதான் ஊகம் வேலை செய்யாது. எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

பேச்சி முதலில் வாய் திறந்தது செருப்பைப் பற்றி. விடுதியில் அட்டைக்கும் குளிருக்கும் பயந்து எல்லாருக்கும் நீல வார் ரப்பர் செருப்பு கொடுத்திருந்தோம். "எங்க ஊர்ல யாரும் செருப்பு போட மாட்டாங்க. எல்லைக் கல்லுலயே கழட்டிருவோம். அங்கிட்டு எல்லாம் சாமி இருக்கு" என்றாள். அதை எழுதினேன். அவள் வாழ்க்கையில் நிஜமாக வாசித்த முதல் வரி அது. வாசித்து முடித்துவிட்டு, ஏதோ திருடியது போல அக்கம்பக்கம் பார்த்தாள்.

அறுந்த தன் செருப்பு வாரை அன்றைக்குத்தான் என் சிவப்பு நூலால் கட்டிக்கொண்டாள்.

3. நேச்சர் ஸ்டடி

இன்ஸ்பெக்‌ஷன் காலையில் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷி. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுவார். ஆனால் ஆபீசர் என்றால் அவருக்கு வாய் உலர்ந்துவிடும். முன்பு ஒரு ஆபீசர், "எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கு எதற்கு உயர்நிலைப் பள்ளி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"ஞானம், அவர் சாயங்காலம் டீ குடிச்சுட்டுத்தான் கிளம்புவார். அது வரைக்கும் இவங்க யாரும் அவர் கண்ணுல படக் கூடாது. மரம், செடி, எதையாவது காட்டிக்கிட்டு இருங்க."

பெயர்களைப் படித்தார். அதில் பேச்சியும் இருந்தாள். "இவ இப்ப வாசிக்கிறா டீச்சர்" என்றேன்.

"கடகடன்னு வாசிப்பாளா?"

"திக்கித் திக்கித்தான்."

"அப்போ வேண்டாம்."

பைன் காட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே பனி இறங்கிவிட்டது. பள்ளி வாட்ச்மேன் செபஸ்தியான் அண்ணன் பனியை மாமியார் என்பார். "சொல்லாம வருவா, போகச் சொன்னாலும் போக மாட்டா." அன்றைக்கு வந்தது அப்படிப்பட்ட பனி. முன்னால் போகிற பிள்ளையின் ரிப்பன் தெரிந்தது, பிள்ளை தெரியவில்லை. எல்லாரையும் கைகோத்து நிற்கச் சொல்லி எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. மறுபடி எண்ணினேன்.

"யாரு இல்ல?"

பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல்: "பேச்சி, டீச்சர்."

"எங்கடி போனா?"

"விடுதியில ரீட்டா காலையில சொன்னா டீச்சர். நேச்சர் ஸ்டடிக்குப் போறவங்களுக்கு எல்லாம் டி.சி. கிழிச்சு வச்சாச்சு, சாயங்காலம் அப்பாவை வரச் சொல்லிக் குடுத்துருவாங்கன்னு. அப்ப இருந்து அழுதுக்கிட்டே வந்தா."

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பனிக்குள் குரல் கொஞ்ச தூரம்கூடப் போகாது. பஞ்சில் குத்திய ஊசி மாதிரி நின்றுவிடும். எங்கேயோ காட்டுமாடு செருமியது. பிள்ளைகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை இழுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடி, விடுதி ஆயாவிடம் ஒப்படைத்தேன். ஆபீஸ் வராந்தாவில் என்னைப் பார்த்ததும் பெரிய டீச்சர் வெளியே வந்தார்.

"ஏன் வந்தீங்க? உள்ள அவர் இருக்கார்!"

சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "செபஸ்தியானைக் கூட்டிக்கிட்டு வெரசா போங்க. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

4. கல்

வீட்டுக்குப் போகப் பார்த்திருப்பாள் என்று வெள்ளகவிப் பாதையில் தேடிப் போனோம். அது வட்டக்கானல் பக்கத்திலிருந்து இறங்குகிறது. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் பள்ளம். வெயில் நாளில் பெரியகுளத்துச் சமவெளி வரை தெரியும். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கால் பட்டு ஒரு கல் உருண்டது. அது எங்கேயும் விழுந்த சத்தம் வரவில்லை.

செபஸ்தியான் அண்ணன் முன்னால் போனார். திடீரென்று கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

பள்ளத்தின் விளிம்பில் ஒரு பாறை. அதன் ஓரத்தில், ஜோடியாக, நேராக வைத்த ரப்பர் செருப்பு. நீல வார். ஒன்றில் சிவப்பு நூல்.

"ஆண்டவரே" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "டீச்சர், எட்டிப் பாக்காதீங்க."

"ஏண்ணே?"

"போறவங்க இப்பிடித்தான் டீச்சர். கழட்டி ஒழுங்கா வச்சுட்டுத்தான் போவாங்க."

அப்படியே உட்கார்ந்தேன். கையில் ஈரப்புல்லைப் பிடித்துக்கொண்டு, கீழே வெள்ளையாகக் கிடந்த அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஜெபம்கூட வரவில்லை. அந்தப் பெண்ணின் அப்பாவிடம் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியம் தேடினேன், அதுவும் வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பனி ஒரு பக்கமாக ஒதுங்கியது. செருப்புக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. எண்ணெய் வழிந்து கறுத்த கல். மேலே மஞ்சள்.

நீலத் துணியில் நான் எழுதிய வரி அப்படியே கண்ணுக்குள் வந்தது. எல்லைக் கல்லுலயே கழட்டிருவோம். அங்கிட்டு எல்லாம் சாமி இருக்கு.

"அண்ணே, அவ குதிக்கல. வீட்டுக்குப் போயிருக்கா. இது அவங்க எல்லைக் கல்லு."

"கல்லு எங்கயும்தான் இருக்கும் டீச்சர். ஊரு இன்னும் எங்கயோ கீழ கெடக்கு. இங்க வந்தா எல்லை வைப்பாங்க?"

அவர் சொன்னதையும் மறுக்க முடியவில்லை. நம்பிக்கை ஒரு அடி, பயம் ஒரு அடி என்றுதான் அதற்கு அப்புறம் நடந்தேன். ஆனால் எழுந்ததும் முதல் வேலையாக என் செருப்பைக் கழற்றி அவள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். செபஸ்தியான் அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு குனிந்து தன் டயர் செருப்பையும் கழற்றினார்.

"எந்தச் சாமியா இருந்தா என்ன, நமக்குப் புள்ளை வேணும்" என்றார்.

பாதி வழியில், சேறாக இருந்த ஒரு வளைவில், அவர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையைக் காட்டினார். சின்ன வெறுங்கால் தடம். கீழ்நோக்கி. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

5. கம்பளி

பேச்சி வீட்டு அடுப்பு முன்னால் குந்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சடையாண்டி வாசலில் நின்றார். உயிர் கிடைத்துவிட்டது என்று நான் மூச்சு விடுவதற்குள் அவர் அடுத்த பயத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

"எல்லாம் சொல்லிட்டா. படிக்காத புள்ளைகளை ஆபீசர் கண்ணுல படாம காட்டுக்குப் பத்திட்டீங்களாமே. ஆடா, மாடா?"

நான் சேறு அப்பிய என் வெறுங்காலைப் பார்த்தேன்.

"கோவிச்சுக்கலைங்க. உக்காருங்க, காப்பி குடிங்க. ஆனா இவ இனி வர மாட்டா."

"அவ இப்போ படிக்கிறா. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"படிப்பா, படிப்பா" என்றார். "போன லீவுல கோயில் நோட்டீசைக் குடுத்தேன். கடகடன்னு படிச்சா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. மறுநா மேல இருந்து வந்த ஆளு படிச்சா, அதுல இவ சொன்ன ஒண்ணும் இல்ல. மைனா மாதிரி பேசுறதுக்குப் பேரு படிப்பா டீச்சர்?"

என் தையல் பாடத்தை விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"அவ சொன்னதை நீங்க எழுதி, அதையே அவ சொன்னா, அதை எப்பிடி நம்புறது? நான் சொல்றதை எழுதுங்க. அவளுக்குத் தெரியாதது."

என்னை வெளியே அழைத்துப் போய் மெதுவாக ஒரு சேதி சொன்னார். திரும்பி வந்து தன் கறுப்புக் கம்பளியை எடுத்துத் தரையில் விரித்தார். என் ரவிக்கைக்குள் தையல் சாக்பீஸ் எப்போதும் இருக்கும். பெரிய பெரிய எழுத்தாக எழுதினேன். பள்ளத்தின் விளிம்பில் வந்த அதே பயம்தான். ஆள் கீழே விழாமல் வீட்டுக்குள்ளேயே என் கையை விட்டுப் போகப் போகிறாளே என்று.

பேச்சி மண்டியிட்டு விரல் வைத்தாள்.

"க… று… கறுப்… கறுப்பி." தலை நிமிர்ந்தது. "அப்பா, நம்ம கறுப்பியா?"

கறுப்பி அவள் வளர்த்த வெள்ளாடு என்பது அப்புறம்தான் எனக்குத் தெரியும். சடையாண்டி முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "படி" என்றார்.

"கறுப்பி… ரெண்… ரெண்டு… குட்… குட்டி போட்…" அடுப்பில் விறகு வெடித்தது. "போட்டிருக்கு! ஒண்… ஒண்ணு கறு… கறுப்பு. இன்… இன்னொண்ணு…"

நின்றுவிட்டது விரல். கடைசி வார்த்தை நெத்திச்சுட்டி. நெற்றியில் வெள்ளைப் புள்ளி உள்ள குட்டியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். ஊகத்தில் கெட்டிக்காரி. ஒரு குட்டி கறுப்பு என்றால் இன்னொன்று வெள்ளை என்று சட்டென்று சொல்லிவிடுவாள். இத்தனை வருடம் பிழைத்தது அதில்தானே. உதடு அதற்குத் தயாரானதைப் பார்த்தேன். அப்பாவைப் பார்த்தாள். கம்பளியைப் பார்த்தாள். விரல் அந்த எழுத்துகள் மேல் இரண்டு முறை போய் வந்தது.

"கடைசி வார்த்தை தெரியல டீச்சர்" என்றாள்.

முடிந்தது என்று நினைத்தேன். எழுத்து ஏறலை என்ற சொல் வேறு யார் வாயிலிருந்தும் வரவில்லை, அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. செபஸ்தியான் அண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

சடையாண்டி கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கடகடன்னு படிச்சா. அது பொய்யி" என்றார். "இன்னைக்குத் திக்கித் திக்கிப் படிச்சு, ஒண்ணு தெரியலன்னுட்டா. இது நெசம்." என்னைப் பார்த்துச் சொன்னார்: "காலையில வெள்ளனே கூட்டிட்டுப் போங்க."

பேச்சிக்கு அதெல்லாம் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. "குட்டி எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே ஓடினாள்.

மறுநாள் பனி இல்லை. எல்லைக் கல்லில் மூன்று ஜோடிச் செருப்பும் வைத்தபடியே இருந்தன. "இனிமே போட்டுக்கலாம் டீச்சர்" என்றாள். ஊர்க்கதை பேசிக்கொண்டே ஏறினோம். பள்ளிக்கு வந்து பார்த்தால் ஆபீசர் இன்னும் போகவில்லை. நடந்ததைப் பெரிய டீச்சர் மறைக்காமல் சொல்லிவிட்டாராம். அவர் ஒரு நாள் தங்கிவிட்டார். வாசலில் பெரிய டீச்சர் பேச்சியின் கால் முதல் தலை வரை தடவிப் பார்த்தார். "போய் உன் இடத்துல உட்காரு" என்றார். காட்டுக்குப் போன மற்றவர்களும் அவரவர் பெஞ்சில் இருந்தார்கள்.

ஆபீசர் அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னார். இரண்டு வரி விரல் வைத்து வாசித்துவிட்டு, "இந்த வார்த்தை தெரியலைங்க ஐயா" என்றாள். அவர் அதைச் சொல்லிக்கொடுத்தார். அவள் மேலே வாசித்தாள். அவ்வளவுதான். எதற்காக வருடா வருடம் பிள்ளைகளைக் காட்டுக்கு விரட்டினோமோ, அது அவ்வளவு நேரத்தில் முடிந்து போயிற்று.

அதற்கு அப்புறம் நான் ரிட்டயர் ஆகும் வரை எங்கள் பள்ளியில் நேச்சர் ஸ்டடி உண்டு. இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மட்டும் கிடையாது.

வேலைக்குப் புதிதாக வரும் டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெரிய வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளை சோம்பேறி இல்லை. பயத்தை மறைக்கவே பகலெல்லாம் உழைக்கிறது. கடகடவென்று வாசிக்கிற பிள்ளையின் புத்தகத்தையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். "தெரியல டீச்சர்" என்று ஒரு பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னால், அன்றைக்கு அதைத் திட்டாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் ஒரு மலை இறங்கி ஏறினேன்.